நோயாளியின் மொழியைப் படித்த டொக்டர்: மானிப்பாய் கிறீனும் மலையகத்து நாமும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

நமது பக்கத்தில் பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் இருக்கும் எல்லா வீட்டிலும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். பொலித்தீன் பைக்குள் போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் எழுதியிருப்பதை அந்த வீட்டில் யாரும் வாசிக்க மாட்டார்கள். எழுத்து ஆங்கிலம், பெயர்கள் மருந்துப் பெயர்கள். அது நம் உடம்பைப் பற்றிய கொப்பி, ஆனால் நமக்குப் புரியாத கொப்பி. இதைப் பற்றி நாம் கோபப்படுவதுகூட இல்லை. வைத்தியம் என்றால் அப்படித்தான் என்று பழகிவிட்டோம்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. இதே இலங்கையில், 150 வருடங்களுக்கு முன்னர், ஒரு டொக்டர் அதை மாற்றிக் காட்டினார். அவர் தமிழர் அல்ல. இந்த நாட்டில் பிறந்தவரும் அல்ல. கடல் கடந்து வந்த அமெரிக்கர். பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

யாழ்ப்பாணத்தில் இவரைத் தெரியாதவர்கள் குறைவு. மானிப்பாயில் இவர் பெயரில் ஆஸ்பத்திரியே இருக்கிறது. மலையகத்தில் நமக்குத்தான் இவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இவருடைய கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதால்தான் இந்தப் பதிவு.

*யார் இவர்?*

1822 ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். (ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்ததும் அதே 1822 டிசம்பரில்தான். இருவரும் ஒரே வயது.) நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் டொக்டரானார். நியூயோர்க்கின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவாகப் பாடுபட்டவர்களில் ஒருவரான அன்ட்ரூ கிறீன் இவருடைய அண்ணன். அதாவது ஊரிலேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கக்கூடியவர்.

1847இல் கப்பலேறினார். அந்த வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வயது 25. அமெரிக்க மிஷன் அனுப்பிய டொக்டர்களில் இவர் முதலாமவர் அல்ல. பண்டத்தரிப்பில் 1820இலேயே ஜோன் ஸ்கடர் வைத்தியம் செய்யத் தொடங்கியிருந்தார். பிறகு வட்டுக்கோட்டையில் நேதன் வார்ட் என்பவர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் இருந்துவிட்டு, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே மருந்தகம் வைத்தார். அந்த வருடமே மூன்று உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கிவிட்டார்.

*அன்றைய அவசர சிகிச்சை எப்படி இருந்தது?*

இன்றைக்கு "அவசர சிகிச்சைப் பிரிவு" என்றால் ஒட்சிசன், சேலைன், ஈசிஜி நினைவுக்கு வரும். 1847இல் இவை எதுவும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யலாம் என்பதே பொஸ்டன் நகரில் 1846 ஒக்டோபரில்தான் எல்லோருக்கும் முன்னால் காட்டப்பட்டது. கிறீன் கப்பலேறியது அதற்குச் சில மாதங்கள் கழித்து. கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்ற அறிவு இன்னும் வரவில்லை.

அந்தக் காலத்தின் பெரிய அவசரம் வாந்திபேதி, அதாவது கொலரா. காலையில் நடமாடிய ஆள் இரவில் மையித்தாகிவிடுவார். உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதால்தான் சாவு வருகிறது. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் ஆள் பிழைத்துவிடும். ஸ்கொட்லாந்தில் தோமஸ் லாட்டா என்ற டொக்டர் 1832இலேயே நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றிப் பார்த்தார். உலகம் அதை மறந்துவிட்டது. தண்ணீரால்தான் கொலரா பரவுகிறது என்று லண்டனில் ஜோன் ஸ்னோ காட்டியது 1854இல். கிருமியை றொபேர்ட் கொக் அடையாளம் கண்டது 1883–84இல். கிறீன் இறந்ததும் 1884இல்தான். ஆக, அவருடைய சேவைக்காலம் முழுவதும் எதிரியின் முகம் தெரியாமலேயே போராடியிருக்கிறார்.

சரி, இந்த நிலையில் ஒரு டொக்டரால் என்ன செய்ய முடியும்? நோயாளியிடம் போகலாம். தண்ணீர், துப்புரவு, உணவு, பிரசவம் பற்றி மக்களுக்குச் சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு மொழி வேண்டும். கிறீன் மொழிபெயர்ப்பாளரை நம்பியே இருக்கவில்லை. தமிழைப் படித்தார். பேசுமளவுக்கு மட்டுமல்ல, மருத்துவப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவருமளவுக்குப் படித்தார்.

*அந்த வழியில் நடந்து வந்தவர்கள்*

நமது பங்கு என்று சொன்னேன் அல்லவா? அது இங்கேதான்.

கிறீன் மானிப்பாயில் இருந்த காலம் மலைநாட்டில் கோப்பிக் காலம். தமிழ்நாட்டிலிருந்து நமது மூதாதையர் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுக்குள்ளால் நடந்தார்கள். நூறு மைலுக்கும் மேல். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, தங்க இடம் இல்லை. கொலராவும் காய்ச்சலும் அந்த வழியில்தான் அவர்களைப் பிடித்தன. நடக்க முடியாதவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். எத்தனை பேர் என்று சரியான கணக்கு யாரிடமும் இல்லை, ஏனென்றால் எண்ணுவதற்கு யாரும் மினக்கெடவில்லை.

அன்றைய அதிகாரிகளின் பார்வையில் இந்த மக்கள் "நோயைக் கொண்டு வருகிறவர்கள்". தாங்களே நோய்க்கு முதல் பலி என்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. தோட்டங்களுக்கு வைத்திய வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது 1872இல்தான். அதற்கும் தோட்டத்து மக்களின் உயிரை விட, வேலைக்கு ஆள் குறைகிறதே என்ற கவலையே பெரிய காரணம். அப்படி வந்த வைத்தியமும் ஆங்கிலத்தில் வந்தது. துரைக்கு அறிக்கை ஆங்கிலத்தில் போகும், லயத்துக்கு மருந்து வரும். மருந்து என்ன, வருத்தம் என்ன என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒரே தீவு, ஒரே காலம், ஒரே மொழி பேசும் மக்கள். வடக்கில் ஒரு டொக்டர் தமிழில் மருத்துவம் எழுதிக்கொண்டிருந்தார். மலையில் அதே தமிழ் பேசிய மக்கள் வாய் திறக்காமல் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கிறீன் செய்த வேலையின் பெறுமதி நமக்கு விளங்கும்.

*ஏன் தமிழில் கற்பித்தார்?*

ஆரம்பத்தில் கிறீனும் தன் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பத்து வருட வேலைக்குப் பின் ஊர் திரும்பி, 1862இல் திருமணம் செய்து, மனைவியோடு மீண்டும் வந்தார். அந்த இரண்டாவது தடவையில், 1860களின் நடுப்பகுதியில், வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

காரணம் உணர்ச்சிவசமானதல்ல. கண்ணால் கண்ட அனுபவம். ஆங்கிலத்தில் படித்தவர் அரசாங்க உத்தியோகம் தேடிக் கிராமத்தை விட்டுப் போய்விடுகிறார். தமிழில் படித்தவர் ஊரில் இருந்து ஊர் மக்களுக்கே வைத்தியம் செய்வார். கல்வியின் மொழி, படித்தவரின் கால் எந்தப் பக்கம் போகும் என்பதையும் தீர்மானிக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். ஆசிரியராக எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நாமும் வருடா வருடம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். படித்த பிள்ளை மலையிறங்கிப் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. இதே கேள்வியை அவர் 1860களிலேயே கேட்டுவிட்டார்.

அவரிடம் படித்து வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் படித்தவர்கள். யாழ்ப்பாணத்தில் 1850இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கிய ஆஸ்பத்திரியிலும் அவருடைய மாணவர்கள் பணி செய்தார்கள். அதுதான் இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் ஆரம்பம். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல்தான் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மானிப்பாய் வகுப்பு அதற்கு 22 வருடம் முந்தியது.

*அவர் விட்டுச்சென்ற புத்தகங்கள்*

கிறீனின் ஆராய்ச்சி என்று எதைச் சொல்லலாம்? அவர் புதுக் கிருமி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய ஆராய்ச்சிக்கூடம் தமிழ் மொழிதான். அன்றைய உலகின் சிறந்த மருத்துவ நூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். சிலவற்றைச் சொல்கிறேன்:

▪️ பிரசவ வைத்தியம் – 1857
▪️ இரண வைத்தியம் (சத்திரசிகிச்சை) – 1867
▪️ மனுஷ அங்காதிபாதம் (உடற்கூற்றியல்) – 1872
▪️ வைத்தியாகரம் (நோய்களும் சிகிச்சையும்) – 1872
▪️ கெமிஸ்தம் (இரசாயனவியல்) – 1875
▪️ மனுஷ சுகரணம் (உடற்றொழிலியல்) – 1883

மூன்றாவதாகச் சொன்னது ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல். இன்றைக்கும் மருத்துவபீட மாணவர்கள் கையில் இருக்கும் அதே கிறேயின் நூல்தான். அதன் முதல் ஆங்கிலப் பதிப்பு 1858இல் வந்தது. 14 வருடத்தில் அது தமிழில் வந்துவிட்டது. மொத்தமாக அவர் மேற்பார்வையில் வந்த தமிழ் மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

சொற்களை எப்படிப் போட்டார்? அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் பொருத்தமான சொல் இருக்கிறதா என்று தேடுவது. இல்லையென்றால் சமஸ்கிருதம். அங்கேயும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. "கெமிஸ்தம்" அப்படி வந்ததுதான். இன்று நாம் வகுப்பில் "இரசாயனவியல்" என்கிறோம். அவருடைய பல சொற்கள் இப்போது வழக்கில் இல்லை. ஆனால் விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்ற துணிச்சல் நமது பாடப்புத்தகங்களுக்கு அந்த வழியில்தான் வந்தது. கலைச்சொல் அகராதிகளையும் அவர் தயாரித்தார்.

உடல் தளர்ந்து 1873இல் அவர் அமெரிக்கா திரும்பினார். அங்கே போய்ச் சும்மா இருக்கவில்லை. மொழிபெயர்ப்புப் பிரதிகள் கப்பலில் இங்கிருந்து போய், திருத்தப்பட்டு, மறுபடி கப்பலில் வந்தன. மேலே சொன்ன "மனுஷ சுகரணம்" அப்படித்தான் வெளியானது. வூஸ்டரில் இருந்துகொண்டு, பனிக்காலத்தில், தமிழ்ப் புரூப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கரை நினைத்துப் பாருங்கள். 1884 மே 28ஆம் திகதி அங்கேயே காலமானார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்ற கருத்துப்பட அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்படிப் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

நமது ஈழத்துக் கவிஞர் அம்பி அவர்கள் 1967இல் "கிறீனின் அடிச்சுவடு" என்ற நூலை எழுதியிராவிட்டால், தமிழர்களே இவரை மறந்திருப்போம்.

*"மதம் மாற்ற வந்தவர்தானே, சேர்?"*

இந்தக் கேள்வியை மாணவர்களும் கேட்பார்கள், கீழே கொமெண்டிலும் யாராவது கேட்பீர்கள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். ஆம், அவர் ஒரு மிஷனரி. தன் மதத்தைப் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்த நோக்கத்தோடு முஸ்லிமாகிய எனக்கோ, சைவர்களாகிய உங்களில் பலருக்கோ உடன்பாடு இருக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மதம் மாறுகிறவர்கூட வெள்ளைக்காரரைப் போல மாறத் தேவையில்லை, தமிழராகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. உடையையும் மொழியையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த மதம் சிலரை அடைந்தது, அவர் எழுதிய மருத்துவம் எல்லோருக்கும் பொதுவாக நின்றது. ஒரு மனிதரின் நம்பிக்கையோடு உடன்படாமலே அவருடைய நன்மைக்கு நன்றி சொல்ல முடியும். நமது ஊரில் பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் விகாரையும் ஒரே வீதியில் இருக்கின்றன. இதை நமக்கு யாரும் படிப்பித்துத் தர வேண்டியதில்லை.

*பிறகு என்ன நடந்தது?*

கிறீன் போன பிறகு தமிழில் மருத்துவம் படிப்பிக்கும் முயற்சி நீடிக்கவில்லை. வேலைவாய்ப்பும் பட்டமும் ஆங்கிலத்தோடு கொழும்புக்குப் போயின. 1893இல் ஸ்கொட் தம்பதியர் வந்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் புத்துயிர் கொடுத்தார்கள், ஆனால் மருத்துவத் தமிழ் திரும்பி வரவில்லை.

இன்றைய நிலை உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு, மருத்துவபீடத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. உலக மருத்துவம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். டொக்டர் எந்த மொழியில் படிக்கிறார் என்பது இன்று பெரிய பிரச்சினை அல்ல. நோயாளியிடம் எந்த மொழியில் பேசுகிறார் என்பதுதான் பிரச்சினை.

13ஆவது திருத்தத்தின்படி 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. ஆனால் தோட்டத்து அம்மா ஒருவர் நெஞ்சு வலியோடு போகும்போது, "வலி எப்ப தொடங்கியது, கைக்கு இறங்குதா, வேர்க்குதா" என்ற மூன்று கேள்விகளும் அவருக்கு விளங்கும் மொழியில் வர வேண்டும். அவசர சிகிச்சையில் முதல் மருந்து இந்தக் கேள்விகள்தான். பல நேரம் பக்கத்துக் கட்டில்காரரோ, துப்புரவு வேலை செய்யும் அக்காவோ, பாடசாலைப் பிள்ளையோ மொழிபெயர்க்கிறார்கள். ஒரு தாய் தன் மாதவிடாய்ப் பிரச்சினையைப் பத்து வயது மகன் மூலமாக டொக்டருக்குச் சொல்ல முடியுமா? சொல்லாமலே திரும்பி வருவார். நமது பெண்களின் எத்தனை வருத்தங்கள் இப்படி முற்றிப்போன பிறகு தெரியவந்தன!

இதில் சிங்கள டொக்டர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. நமது ஆட்களோடு பேசுவதற்காகவே தமிழ் படித்த சிங்கள டொக்டர்களும் தாதிமாரும் நமது பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள்தான் இன்றைய கிறீன்கள். மலையகத்தில் பிறந்து டொக்டராகி, நம் ஆட்களிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறவர் இருந்தால், அவரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

*நாம் என்ன செய்யலாம்?*

வரலாற்றை வாசித்துவிட்டு "மாஷா அல்லாஹ், அருமையான பதிவு" என்று போட்டுவிட்டுப் போக வேண்டாம். செய்யக்கூடியவை சில:

1. வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதி வைக்கட்டும்: என்ன வருத்தம், எத்தனை வருடமாக, எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மருந்து கொடுப்பவரிடம் கேட்டு, சரிபார்த்து எழுதுங்கள்.

2. 1990 அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்தது. இலவசம். ஆனால் "லயத்துக்கு வாங்க" என்றால் அவர்களுக்கு வழி தெரியாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பிரதான வீதியிலிருந்து திரும்பும் இடம், அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை. இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

3. வயிற்றோட்டம் என்றால் ஜீவனி. கிறீனின் காலத்தில் உலகத்தின் எந்த டொக்டரிடமும் இல்லாத மருந்து இன்று பாமசியில் கிடைக்கிறது. கரைக்கும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

4. உயர்தர மாணவர்களே, டொக்டராக முடியாவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தாதி, மருந்தாளர், குடும்பநல மாது, தோட்ட வைத்திய உதவியாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் தேவை. சிங்களமும் படியுங்கள். நம் மக்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்க மூன்று மொழி தெரிந்த ஓர் ஆள் இருந்தாலே பல உயிர் தப்பும்.

25 வயதில் வந்த ஓர் அந்நியர், நோயாளியின் மொழியைப் படிப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதி என்று நினைத்தார். அந்த மொழியைப் பிறப்பிலேயே பெற்ற நம் பிள்ளைகளுக்கு அந்த வேலை இன்னும் எளிது. அவர்கள் செய்ய வேண்டியது மலைக்குத் திரும்பி வருவது மட்டும்தான்.

 உங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்து டிஸ்பென்சரி, அங்கிருந்த டிஸ்பென்சர் ஐயா பற்றி வயதானவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். அவற்றையும் சேர்த்து வைப்போம். நம் வைத்திய வரலாறு இன்னும் எழுதப்படவே இல்லை.